குவாசரின் ஒளியும் பழைய கண்ணாடித் தகடுகளும்

நாட்டின் பழமையைக் கல்வெட்டும் ஓலைச்சுவடியும் உணர்த்தும். வானத்தின் பழமையை உணர்த்துவன யாவை? அவற்றுள் சிறந்தவை ஒளிப்படக் கண்ணாடித் தகடுகள். அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு வானாய்வு நிலையத்தார் 1880-களில் தொடங்கி, ஏறத்தாழ நூறாண்டுக் காலம் வானத்தைத் தகடுகளில் பதித்து வந்தனர். அவ்வாறு சேர்ந்தவை ஏறத்தாழ 5 இலட்சம்.

1962-ஆம் ஆண்டில், 3சி 273 என்னும் வானொலி மூலத்தை நிலவு மறைத்த வேளையில், ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியால் சிரில் ஹசார்டு முதலியோர் அதன் இருப்பிடத்தை நுட்பமாக வரையறுத்தனர். அங்கே காணப்பட்டது விண்மீன் போன்றதோர் ஒளிப்புள்ளியே. 1963-இல் மார்ட்டின் ஷ்மிட் என்னும் அறிஞர் அதன் நிறமாலையை ஆராய்ந்தார். ஹைட்ரஜன் கோடுகள் ஏறத்தாழ 16 விழுக்காடு செந்நிறப் பக்கம் பெயர்ந்திருந்தன. எனவே அது 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பாற்பட்டது என்பது பெறப்பட்டது. அத்தொலைவிலிருந்து அவ்வளவு ஒளி வருமாயின், அது பால்வழி மண்டலம் முழுவதையும் விடப் பன்மடங்கு ஒளியுடையதாதல் வேண்டும்.

அவ்வாண்டிலேயே யேல் பல்கலைக்கழகத்து ஹார்லன் ஸ்மித்தும் டாரிட் ஹாஃப்லீட் அம்மையாரும் ஹார்வர்டு தகடுகளைப் புரட்டினர். 1887 முதற்கொண்டே அப்புள்ளி அவற்றில் பதிவாகியிருந்தது. அதன் ஒளி நிலையாக இல்லை. ஆண்டுக் கணக்கிலும், சிலபோது அதனினும் குறுகிய காலத்திலும், கூடிக் குறைந்திருந்தது.

இதன் பொருள் பெரிது. ஒரு பொருளைக் கடக்க ஒளிக்கு ஓராண்டு ஆகுமாயின், அது முழுவதும் ஒரு திங்களில் மங்கியதாக நமக்குத் தோன்றாது. முன்புறத்து மாற்றம் முதலிலும், பின்புறத்து மாற்றம் ஓராண்டு கழித்தும் வந்து சேரும். ஆகவே, சில திங்களில் மாறும் ஒளியின் ஊற்று சில திங்களில் ஒளி கடக்கும் அளவினதே. பால்வழி மண்டலமோ ஓர் இலட்சம் ஒளியாண்டு அகலமுடையது. அத்துணைச் சிறிய இடத்தில் அத்துணைப் பேரொளி எங்ஙனம் பிறந்தது?

1964-இல் சால்பீட்டரும் செல்டோவிச்சும் தனித்தனியே விடை கூறினர்: பெருநிறையுடைய பொருளொன்றில் வீழும் வளி வெப்பமுற்று ஒளிர்கிறது. 1969-இல் லிண்டன்-பெல், மண்டலங்களின் நடுவே இத்தகைய கருந்துளைகள் அமைந்திருக்கும் என வாதிட்டார். 2018-இல், சிலி நாட்டுத் தொலைநோக்கிகளின் துணையால், 3சி 273-இன் நடுவிலுள்ள கருந்துளையின் நிறை ஏறத்தாழ 30 கோடி ஞாயிறுகளுக்குச் சமம் எனக் கணக்கிடப்பட்டது.

ஆயினும் ஒரு குறை நீங்கவில்லை. 1950-களில் பணமுட்டால் ஹார்வர்டில் தகடு பதிக்கும் பணி நிறுத்தப்பட்டு, பல ஆண்டுகள் தடைபட்டது. அந்நாளில் வந்த ஒளி பதிவின்றிக் கடந்து போயிற்று. அதனை எக்கருவியாலும் மீட்டல் இயலாது. எஞ்சிய தகடுகள் பிற்காலத்தில் கணிப்பொறிப் பதிவுகளாக்கப்பட்டன. 1887-இல் தகடு பதித்தவர் குவாசர் என்னும் சொல்லையே அறியார். அறியாது செய்த அப்பணியே பின்னோர் அறிவுக்கு அடிப்படையாயிற்று.