பேய் முறைப்பாடு: இடமிழந்தோர் கதையில் அச்சமும் நகையும்

தமிழில் அச்சச் சுவையும் நகைச்சுவையும் ஒரே அடுப்பில் வெந்த இலக்கியம் எதுவென்று கேட்டால், பரணியைத்தான் முதலில் சுட்ட வேண்டும். முதற் குலோத்துங்கனின் படை கருணாகரத் தொண்டைமான் தலைமையில் கலிங்கத்தை வென்றது ஏறத்தாழ 1110ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்தது. அவ்வெற்றியைச் சயங்கொண்டார் பாடிய நாளில் சோழரின் தலைநகராக விளங்கியது கங்கைகொண்ட சோழபுரம். இன்று அது அரியலூர் மாவட்டத்தில், செயங்கொண்டத்துக்கு அண்மையில் இருக்கிறது. புலவர் பெயரும் ஊர்ப்பெயரும் ஒன்றுபோல் ஒலிப்பதை இப்பகுதி மக்கள் பெருமையோடு சொல்லிக்கொள்வதுண்டு. இரண்டும் வெற்றியைச் சுட்டும் பெயர்களே.

ஆனால் கலிங்கத்துப்பரணியின் உயிர் வெற்றியில் மட்டும் இல்லை, பேய்களிடமும் இருக்கிறது. வயிறு ஒட்டி, எலும்பு புடைத்து, காளியின் திருமுன் நின்று அவை தம் பசியை எடுத்துரைக்கும் பகுதிக்குப் ‘பேய் முறைப்பாடு’ என்றே பெயர். அதற்கு முன்னரே இமயத்திலிருந்து மீண்ட ஒரு முதுபேய் தான் கற்ற இந்திரசாலத்தைக் காட்டுகிறது. இல்லாத பிணக்குவியலை உண்டென்று நம்பிப் பேய்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அள்ளுகின்றன. கையில் ஒன்றும் இல்லை. படிப்பவர் சிரிக்கிறார். அடுத்த நொடியே அச்சிரிப்பின் அடியில் பசி தெரிகிறது. பிற்பகுதியில் களத்திலேயே கூழ் அட்டு, பார்ப்பனப் பேய், சமணப் பேய், குருட்டுப் பேய், ஊமைப் பேய், கருவுற்ற பேய் என ஒவ்வொன்றுக்கும் அதனதன் இயல்பறிந்து வார்க்கும் இடம், ஓர் ஊர்ப் பந்தியைக் கண்டு எழுதியதுபோல் அமைந்திருக்கிறது.

தோற்றவர் பெயரால் நூலுக்குப் பெயரிடுவது பரணி மரபு. ஆகவே கலிங்கத்தின் பெயர் நூலின் நெற்றியிலேயே நிற்கிறது. கலிங்கரின் நிலை என்ன? போர் முடிந்ததும் அவர்கள் தலைமயிரைப் பறித்துக்கொண்டு சமணர் என்றும், வில்நாணைப் பூணூலாக அணிந்துகொண்டு கங்கையாடப் போந்த அந்தணர் என்றும் சொல்லித் தப்புகின்றனர். இழந்தவன் இங்கே வாய் திறப்பது தான் வேறொருவன் என்று சொல்வதற்காக மட்டுமே. சிரிப்பு அவன்மீது வீழ்கிறது, அவனிடமிருந்து எழவில்லை. அரசவைப் பாடலில் வேறெதனை எதிர்பார்க்க இயலும் என்று கேட்பது நியாயமே. ஆயினும் பேய்க்கு முறையிடும் உரிமை தந்த புலவர், வீடிழந்தவனுக்கு அதைத் தரவில்லை என்பது குறிக்கத்தக்கது.

இழந்தவன் பக்கம் நின்று அதே கலவையைக் கையாண்ட முயற்சிகளுள் ஒன்று, தொள்ளாயிரம் ஆண்டுகள் கழித்து நியூயார்க் நகரத்துப் புரூக்ளினிலிருந்து வந்தது. மரியாமா டியாலோ என்னும் கறுப்பினப் பெண் இயக்குநர் எடுத்த ‘ஹேர் உல்ஃப்’ பன்னிரண்டு நிமிடக் குறும்படம். 2018ஆம் ஆண்டு சன்டான்ஸ் திரைப்பட விழாவில் அமெரிக்கக் குறும்புனைவுக்கான நடுவர் விருதைப் பெற்றது. அதன் களம் ஒரு கறுப்பினப் பெண்களின் சிகையலங்காரக் கடை. வெளியே தெரு மாறிக்கொண்டிருக்கிறது. கடைக்குள் வேலை செய்பவர்கள் ஒரு புதிய அரக்க இனத்தை எதிர்கொள்கிறார்கள்: கறுப்பினப் பண்பாட்டின் உயிரை உறிஞ்ச வரும் வெள்ளைக்காரப் பெண்கள். நடைபிணக் கதைகளில் பிணங்கள் மூளையைத் தேடி அலையும். இங்கே வருபவை கேட்பது தலைப்பின்னல்.

இது வெறும் கேலி என்று தோன்றலாம். அதன் பின்னுள்ள வரலாறு கேலிக்குரியதன்று. ஏழைகள் வாழ்ந்த பகுதிக்கு வசதி படைத்தோர் குடிவந்து, வாடகை ஏறி, பழைய குடிகள் தாமாகவே வெளியேற நேரும் போக்குக்கு ரூத் கிளாஸ் என்னும் சமூகவியலாளர் 1964இல், இலண்டனை முன்வைத்து, ‘ஜென்ட்ரிஃபிகேஷன்’ என்று பெயரிட்டார். அமெரிக்க நகரங்களில் இப்போக்கு நிறத்தோடு பிணைந்தது. 1930களில் கூட்டரசின் வீட்டுக்கடன் நிறுவனம் வரைந்த நகர வரைபடங்களில் கறுப்பர் வாழ்ந்த தெருக்கள் சிவப்பு மையால் குறிக்கப்பட்டன. அத்தகைய பகுதிகளுக்கு வங்கிகள் கடன் தரத் தயங்கின. பல பத்தாண்டுகள் முதலீடின்றிக் கிடந்த அதே தெருக்கள்தாம் பின்னர் விலையேறிய மனைகளாயின. ஸ்பைக் லீ 1989இல் எடுத்த ‘டூ த ரைட் திங்’ படத்தில், பெட்ஃபோர்ட்–ஸ்டைவசன்ட் பகுதித் தெருவொன்றில் வீடு வாங்கிக் குடியேறிய ஒரே ஒரு வெள்ளையன் சில நிமிடங்கள் தோன்றுகிறான். அன்று அவன் ஒரு வேடிக்கைப் பாத்திரம். 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு வந்தபோது, முந்தைய பத்தாண்டில் மட்டும் அப்பகுதியில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பர் குறைந்திருந்தனர்.

சிகையைத் தேர்ந்ததும் தற்செயலன்று. கறுப்பினத்தவர் தம் இயல்பான சுருள்முடியோடும் பின்னலோடும் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் சென்றால் இழிவும் தண்டனையும் நேர்ந்த நாடு அது. முடியமைப்பை முன்வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டத்தைக் கலிபோர்னியா மாநிலம் இயற்றியதே 2019இல்தான். ஒரு தலையில் குற்றமாக எண்ணப்பட்டது, மற்றொரு தலையில் நாகரிகமாகிறது. தெருவையும் வீட்டையும் எடுத்துக்கொள்பவர் இறுதியில் பின்னலையும் எடுத்துக்கொள்வார் என்ற அச்சத்தை நேரே சொன்னால் கட்டுரையாகும். உறிஞ்சும் பேயாகச் சொன்னால் கதையாகும். டியாலோ இரண்டாவதைத் தேர்ந்தார்.

இவ்வகைப் படங்களுக்கு அங்கே ஒரு மரபும் உண்டு. பிட்ஸ்பர்க் நகரையொட்டி, இலட்சம் டாலருக்குச் சற்றே மிகுந்த செலவில், பெருநிறுவன ஆதரவின்றி எடுக்கப்பட்டு 1968இல் வெளிவந்த ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ அதன் முன்னோடி. ஜார்ஜ் ரொமேரோ இயக்கிய அப்படத்தின் நாயகர் டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். இரவெல்லாம் பிணங்களிடமிருந்து தப்பியவனை விடியலில் உயிருள்ள காவற்கூட்டம் சுட்டுக்கொல்கிறது. 1991இல் வெஸ் கிரேவன் எடுத்த ‘த பீப்பிள் அண்டர் த ஸ்டேர்ஸ்’ படத்தில், கறுப்பினக் குடும்பத்தை வெளியேற்றத் துடிக்கும் வீட்டுச் சொந்தக்காரத் தம்பதியரே அரக்கர்; படம் முழுவதும் அச்சமும் கோமாளித்தனமும் மாறி மாறி வருகின்றன.

சிறுமுதலில் எடுப்போர் இவ்வகையை நாடுவதற்குத் தொழில்முறைக் காரணமும் உண்டு. ஒரு வீடு, ஒரு கடை, ஓர் இரவு போதும். இருளுக்கு வாடகை இல்லை. காட்டாமல் விடுவது அச்சத்தைப் பெருக்குமாதலால், பணமின்மையே உத்தியாகிவிடுகிறது. ஒலிக்கு மட்டும் சிக்கனம் உதவாது. கதவின் கிறீச்சொலி அரை நொடி பிந்தினால் அச்சமும் போகும், சிரிப்பும் போகும். இரண்டுமே எதிர்பார்ப்பை நீட்டி, தக்க நொடியில் அறுப்பதால் பிறப்பவை. யாப்பில் சீர் பிறழ்ந்தால் செவி உடனே அறிவதுபோல, படத்தொகுப்பில் இந்தப் பிறழ்வைப் பார்வையாளர் உடனே அறிவர்.

தமிழ்த் திரைக்கு வந்தால், இதே கருவைப் பெருவணிகம் எப்போதோ கைக்கொண்டுவிட்டது. அறிஞர்தாம் அதைக் கவனிக்கவில்லை. ராகவா லாரன்சின் ‘முனி’ 2007இல் வந்தது. அதில் ராஜ்கிரண் ஏற்ற முனியாண்டி, தம் குடிசைப்பகுதி மக்களுக்கு நிலம் கிடைக்கும் என்ற வாக்கை நம்பி, வாக்களித்த அரசியல்வாதியாலேயே கொல்லப்பட்டவர். 2011இல் வந்த ‘காஞ்சனா’வில் சரத்குமார் ஏற்ற திருநங்கை, ஏழைகளுக்கு மருத்துவமனை எழுப்ப வாங்கிய மனைக்காகக் கொல்லப்பட்டு, அம்மனையிலேயே புதைக்கப்படுகிறார். கோவை சரளாவின் அலறலுக்குச் சிரித்துக் களைத்த கூட்டம், படத்தின் பிற்பாதியில் கண்கலங்கியது அந்த நிலத்தின் கதைக்காகத்தான். இரண்டிலும் பேய் பழிவாங்க வந்ததாகத் தோன்றினாலும், உண்மையில் அது ஒரு மனுதாரர். நிலத்தின்மீது தனக்குள்ள உரிமையை மெய்ப்பிக்க வேறொருவன் உடலை இரவல் வாங்குகிறது.

இங்கேதான் நம் படங்களுக்கும் புரூக்ளின் குறும்படத்துக்கும் உள்ள வேறுபாடு கூர்மையாகிறது. நம் கதைகளில் ஏழை இறந்த பின்னரே பேச முடிகிறது. உயிரோடு இருக்கும்வரை அவன் கெஞ்சுகிறான். செத்த பின் ஆற்றல் பெறுகிறான். அந்த ஆற்றலையும் நாயகனின் உடலில் ஏறித்தான் காட்ட வேண்டியிருக்கிறது. பழையனூர் நீலி முதலாக அநீதியால் இறந்தவர் தெய்வமாகியோ பேயாகியோ நியாயம் கேட்கும் நெடுமரபு இதற்கு வேராகலாம். டியாலோவின் படத்தில் குடிகள் உயிரோடிருக்கிறார்கள், வேலை செய்கிறார்கள், வம்பளக்கிறார்கள், வருபவரே பேய். முறைப்பாடு உயிருள்ளவரின் வாயிலிருந்து, அவர்களுடைய கிண்டலின் மொழியிலேயே வருகிறது. கலையளவில் ‘காஞ்சனா’வைக் காட்டிலும் அது உயர்ந்ததா என்பது வேறு கேள்வி, பார்வையளவில் அது ஒரு படி முன்னேறியதே.

புதியவர் வருகையைப் பற்றிய கதை பெரம்பலூர்ச் சீமைக்குப் புதிதன்று. சிறுவாச்சூர் மதுரகாளி, மதுரையை எரித்த கண்ணகியே என்பது ஊர்வழக்கு. சினம் தணியாது வந்தவள் அங்கே உறைந்த செல்லியம்மனிடம் இரவு தங்க இடம் கேட்டாள். செல்லியை அடக்கி ஆண்ட மந்திரவாதியை அழித்தாள். செல்லி தன் இடத்தை அவளுக்கு அளித்துப் பெரியசாமி மலைக்குச் சென்றாள் என்பது தலக்கதை. இன்றும் அம்மனுக்குக் காட்டுமுன் தீபத்தை அம்மலையை நோக்கிக் காட்டுவர் என்பர். இடம் கேட்டு வந்தவள், இடம் கொடுத்தவளை மறவாதிருக்க ஒரு சடங்கையே இக்கதை வைத்திருக்கிறது. சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைகளை 2000 முதல் நகர விளிம்பில் குடியமர்த்திய குடியிருப்புக்குக் கண்ணகி நகர் என்று பெயர் வைத்தவர்கள், கண்ணகி யார் என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்திருக்கலாம்.

இடமிழப்பு நகரங்களுக்கு மட்டும் உரியதன்று. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் சுற்றுமதிற் கற்களே 1836இல் கொள்ளிடத்துக் கீழணை கட்டுவதற்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டன. பேரரசின் தலைநகருக்கும் அந்நிலை வந்தது. அரியலூரின் சுண்ணாம்புப் பாறை சிமெண்டாகி எங்கெங்கோ மாடிவீடுகளாக எழ, இங்கே எஞ்சுவது நீர் தேங்கிய ஆழ்குழிகள். பெரம்பலூர் மாவட்டத்துத் திருமாந்துறையையொட்டிச் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென வாங்கிய ஏறத்தாழ 3,000 ஏக்கர், பேசப்பட்ட தொழில்கள் வராமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தது.

இவற்றுள் செயங்கொண்டத்துக் கதையே அச்சநகைக்கு மிகவும் உகந்தது. பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் அனல்மின் நிலையமும் வரும் என்று 1990களின் பிற்பாதியில் பதின்மூன்று ஊர்களில் 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் கையகப்படுத்தப்பட்டது. இழப்பீடு போதாதென்று வழக்குகள் எழுந்தன, ஆண்டுகள் உருண்டன, ஒரு புகைபோக்கிகூட எழவில்லை. பெண் கொடுப்போரும் கடன் கொடுப்போரும் நிலத்தைப் பற்றிக் கேட்டால் என்ன விடை சொல்வது? நிலம் கண்முன் கிடக்கிறது, உரிமை தாளில் இல்லை. கடைசியில் திட்டத்தைக் கைவிட்டு நிலத்தைத் திருப்பித் தருவதென்று அரசு முடிவெடுத்தபோது, நிலம் கொடுத்தவர்களின் அடுத்த தலைமுறை தலையெடுத்திருந்தது.

சயங்கொண்டாரின் முதுபேய் காட்டிய இந்திரசாலத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இல்லாத விருந்தைக் காட்டிப் பசித்தவரை ஓடவிட்ட அதே வித்தை. இக்கதையில் செத்தவர் எவரும் பேயாக வர வேண்டியதில்லை. வராத ஆலையே பேய். ஒரு முந்திரித் தோப்பு, நான்கைந்து நடிகர், கட்டியங்காரனைப்போல் வாயடிக்கும் ஒரு கிழவி, இரவில் தோப்புக்குள் சுற்றும் ஒரு கொதிகலனின் பெருமூச்சு: இவ்வளவே அப்படத்துக்குத் தேவை. பேய் வந்து இடம் கேட்கும். கிழவி அதனிடம் முதலில் பட்டாவைக் கேட்பாள்.