விளம்பரம்: அரசர் வாயில் இருந்த சொல்

நீலகிரி மாவட்டத்துப் பந்தலூர் பஜாரில் எந்தக் கடையில் நின்றாலும் தமிழும் மலையாளமும் மாறி மாறிக் காதில் விழும். இரண்டு மொழியிலும் ‘விளம்பரம்’ உண்டு. ஆனால் இரண்டு பேரும் ஒன்றையே சொல்வதில்லை. தமிழ் பேசுகிறவருக்கு விளம்பரம் என்றால் நகைக்கடை, சோப்பு, சீரியலுக்கு நடுவே வருவது. மலையாளம் பேசுகிறவர் அதைப் ‘பரஸ்யம்’ என்பார். அவருடைய விளம்பரம் வேறு: ஆட்சி செய்கிறவர் நாட்டு மக்களுக்குப் பகிரங்கமாகச் சொல்வது. குண்டறை விளம்பரம், கோயில் நுழைவு விளம்பரம் என்று பள்ளிப் பாடத்தில் படித்த விளம்பரம். மாநாட்டுக்கு முன்னால் கட்சிக்காரர்கள் கொடி பிடித்து ஊரைச் சுற்றி வந்தால் அதற்கும் அங்கே ‘விளம்பர ஜாத’ என்று பெயர்.

பழைய பொருள் மலையாளத்திடம்தான் தங்கியிருக்கிறது. தமிழில் ‘விளம்பு’ என்ற வினைக்குச் சொல்லுதல், வெளிப்படையாக அறிவித்தல் என்பவை பொருள். செய்யுளில் புலவர்கள் தாராளமாகக் கையாண்ட வினை இது. இன்னொரு பொருளும் உண்டு: பரிமாறுதல். கன்னியாகுமரிப் பக்கம் சோறு விளம்புவார்கள். மலையாளத்திலும் சத்யை என்னும் விருந்துக்கு விளம்புவதுதான். வாய் வழியே சொல்லைக் கொடுப்பதற்கும் கை வழியே சோற்றைக் கொடுப்பதற்கும் ஒரே வினை. பந்தியில் உட்கார்ந்த கடைசி இலைக்கும் போய்ச் சேர்ந்தால்தான் விளம்பியாயிற்று என்று கணக்கு. அரசன் விளம்பிய சொல்லுக்கும் இதே கணக்கு பொருந்த வேண்டும் என்பது என் கட்சி. விளம்பி ஆண்டுக்கும் சங்கீதத்தில் வரும் விளம்ப காலத்துக்கும் இதனோடு உறவில்லை. அவை தாமதத்தைக் குறிக்கும் வடசொல்லின் வழி வந்தவை.

விளம்பரம் என்ற பெயர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே, அது குறித்த செயல் தமிழ்நாட்டில் இருந்தது. மணிமேகலையின் முதல் காதைக்குப் பெயரே விழாவறை காதை. முரசை யானை மேல் ஏற்றி, தொல்குடியில் பிறந்த ஒருவன் அதை அறைந்து இந்திர விழாவைப் புகார் நகரத்துக்கு அறிவிக்கிறான். எழுத்து அங்கே தேவைப்படவில்லை. காது இருந்தால் போதும். சோழர் காலத்துக்கு வரும்போது அரசனின் சொல் வேறு வழியில் போகிறது. அவன் வாயால் சொல்வது ‘திருவாய்க்கேள்வி’. அதைக் கேட்டு எழுத அலுவலர்கள். ஓலையைச் சரிபார்க்க ‘ஓலைநாயகம்’. ஆனைமங்கலத்தை நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்குக் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடுகள் பிற்காலத்தில் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்தன. இராசராசனின் வாய்ச்சொல் படிப்படியாக எப்படி எழுத்தாயிற்று என்பதை அவற்றில் வரிசையாகப் பார்க்கலாம். நாட்டார் அரச ஓலையான திருமுகத்தை எதிர்கொண்டு சென்று வணங்கி, தலைமேல் வைத்துக்கொள்கிறார்கள். பிறகு பெண்யானையை நடத்தி எல்லையை வகுக்கிறார்கள். அரசன் சொன்ன நிலம் எது என்று ஊரார் கண்ணெதிரே காட்டியாக வேண்டும் என்ற நியாயம் அதில் இருக்கிறது. நிலத்தின் எல்லைக்காகக் கோர்ட் வாசலில் தலைமுறை கழித்த ஊர்களை அறிந்தவர்களுக்கு அந்த யானையின் அருமை தெரியும்.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இதே செயலின் பெயர் ‘ப்ரொக்ளமேஷன்’. லத்தீன் வேரின்படி அது உரக்கக் கூவி அறிவித்தல். விளம்புதலைப் போலவே வாயிலிருந்து பிறந்த சொல். அரசருக்கென்று அச்சகர் இருந்தார். அவர் அச்சிட்டுத் தந்த தாள் ஒவ்வொரு மாவட்டத்து ஷெரீபுக்கும் போகும். சந்தை கூடும் இடத்தில் உரக்கப் படித்துவிட்டு, எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவிடுவார்கள். 1603இல் பட்டத்துக்கு வந்த முதலாம் ஜேம்ஸுக்கு இந்தக் கருவியின் மேல் அபார நம்பிக்கை. லண்டனில் புதிய வீடு கட்டாதே என்று ஒரு பிரகடனம். கோதுமையிலிருந்து கஞ்சிப்பசை செய்யாதே என்று இன்னொன்று. துணிக்குக் கஞ்சி போடுவதற்காக உணவுத் தானியம் வீணாகக் கூடாது என்ற எண்ணத்தில் நியாயம் இருக்கிறதுதான். ஆனால் எந்தச் சட்டத்தின்படி இது குற்றம்? நாடாளுமன்றம் இயற்றாத ஒன்றை மீறியதற்கு ஒருவனைத் தண்டிக்கலாமா?

1610இல் நாடாளுமன்றத்தின் கீழவை இதையே மனுவாக எழுதிக் கொடுத்தது. அரசவையினர் தலைமை நீதிபதி எட்வர்ட் கோக்கைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள். அங்கேயே பதில் சொல்லிவிடும்படி வற்புறுத்தல். அவர் சம்மதிக்கவில்லை, சக நீதிபதிகளோடு கலந்துதான் சொல்வேன் என்று அவகாசம் கேட்டார். கலந்த பிறகு வந்த முடிவு: நாட்டின் சட்டத்தை அரசன் தன் பிரகடனத்தால் மாற்ற முடியாது, இல்லாத குற்றத்தைப் புதிதாக உண்டாக்கவும் முடியாது. சட்டம் அனுமதிக்கும் அதிகாரம் எதுவோ அது மட்டுமே அரசனுடைய அதிகாரம். முன்பு எட்டாம் ஹென்றி காலத்தில், 1539இல், அரசப் பிரகடனத்துக்குச் சட்டத்தின் வலு கொடுத்து நாடாளுமன்றமே ஒரு சட்டம் இயற்றி, எட்டே ஆண்டில் அதை நீக்கியும் விட்டிருந்தது. அந்தச் சண்டைக்குத்தான் கோக் முடிவு எழுதினார். 1616இல் ஜேம்ஸ் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார். கோக் 1634இல் இறந்த பிறகும் அந்த முடிவு வாழ்ந்தது. 2019 செப்டம்பரில், நாடாளுமன்றத்தை ஒத்திவைக்கச் சொன்ன பிரதமரின் ஆலோசனை செல்லாது என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது எடுத்துக்காட்டியவற்றில் இதுவும் ஒன்று.

காபிக்கடைச் செய்தியை மட்டும் காபித்தோட்டம் உள்ள பந்தலூர்க்காரர்களுக்காகச் சொல்ல வேண்டும். 1675 டிசம்பர் 29 அன்று இரண்டாம் சார்லஸ் காபிக்கடைகளை மூடச் சொல்லிப் பிரகடனம் வெளியிட்டார். அங்கே உட்கார்ந்து ஆட்சியைப் பற்றித் தாறுமாறாகப் பேசுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. ஜனவரி 10 முதல் மூட வேண்டும். எழுந்த எதிர்ப்பில் ஜனவரி 8 அன்றே அரசர் அதைத் திரும்பப் பெற்றார். விளம்பியவனுக்கு எதிரே வாய் உள்ள மக்கள் இருந்தார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். மலையாளச் சீமையில் விளம்பரம் என்ற சொல்லுக்குச் சூடு ஏறியது 19ஆம் நூற்றாண்டில். 1809 ஜனவரி 11 அன்று திருவிதாங்கூர்த் தளவாய் வேலுத்தம்பி, கிழக்கிந்தியக் கும்பினிக்கு எதிராக எழும்படி குண்டறையிலிருந்து மக்களை அழைத்தார். அது அரசனுக்காக மட்டும் செய்த அழைப்பு அல்ல. மக்களை ஒரு கட்சியாக ஏற்றுப் பேசிய விளம்பரம் என்பதால் இன்றும் பெயர் சொல்லி நினைக்கிறார்கள். அதே திருவிதாங்கூரில் 1829இல் வந்த விளம்பரம், நாடார் பெண்கள் மேல்சாதிப் பெண்களைப் போல் தோள்சீலை அணியக் கூடாது என்றது. 1859இல் வந்த இன்னொரு விளம்பரம், நிபந்தனையோடு, மார்பை மறைக்கும் உரிமையை ஒப்புக்கொண்டது. 1865இன் பண்டாரப்பாட்ட விளம்பரம் அரசு நிலத்தில் பயிர் செய்தவர்களுக்கு அந்த நிலத்தில் உரிமை கொடுத்தது. 1867இல் வந்தது ஜென்மி-குடியான் விளம்பரம். 1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் கோயில் கதவுகளை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டார். கன்னியாகுமரி அன்று திருவிதாங்கூரில் இருந்ததால் இவையெல்லாம் தமிழர்களின் கதையும்தான். அடிமேல் அடி வைத்து உரிமை கேட்டவர்களின் போராட்டம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருக்கிறது. விளம்பரம் அரசனின் பெருந்தன்மையால் தானாக வந்தது என்று படிப்பது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம்.

பந்தலூர் திருவிதாங்கூரில் இருந்ததில்லை. அது வயநாட்டின் தென்கிழக்கு மூலை. மலபார் மாவட்டத்தோடு இருந்து 1877இல்தான் நீலகிரிக்கு வந்தது. இந்தக் காட்டு நாட்டில் கும்பினி விளம்பியது பெரும்பாலும் மிரட்டல். 1805இல், கும்பினியை எதிர்த்த பழசி ராஜாவையும் அவரோடு நின்றவர்களையும் பிடித்துக் கொடுப்பவர்களுக்குப் பரிசு அறிவித்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று அவர் இறந்தார். 1858 நவம்பர் 1 அன்று விக்டோரியா மகாராணியின் பிரகடனம் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் பெயர்த்துப் படிக்கப்பட்டது. ராஜ்யம் கும்பினியிடமிருந்து அரசிக்குக் கைமாறியதை மக்கள் தங்கள் மொழியில் கேட்டார்கள் என்பது அதில் எனக்கு முக்கியம்.

பிறகு அரசின் சொல் கெஜட்டுக்குள் போய்விட்டது. இலங்கைத் தமிழில் அதற்கு ‘வர்த்தமானி’ என்று பெயர். 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தின்பின் அங்கிருந்து வந்து, சேரம்பாடி, கொளப்பள்ளி, நெல்லியாளம் பக்கத்தில் அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய தோட்டத் தொழிலாளர்களின் கதையில் அந்தச் சொல்லுக்கு இடம் உண்டு; அவர்கள் எந்த நாட்டுக் குடிகள் என்பதையே அரசுத் தாள்கள்தான் தீர்மானித்தன. தமிழ்நாட்டு அலுவலகங்களில் ‘அரசாணை’, ‘அறிவிக்கை’, வாய்ப்பேச்சில் ‘ஜி.ஓ.’ ஊருக்குள் மட்டும் தண்டோரா தொடர்ந்தது. அதைப் போட்டவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். அரசின் சொல்லை ஊரெல்லாம் சுமந்தவருக்கு ஊருக்குள் மரியாதை இருக்கவில்லை. 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோரா இனி வேண்டாம், வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவியுங்கள் என்று மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். செய்ய வேண்டிய மாற்றம் அது.

அந்த ஒலிபெருக்கி பந்தலூருக்குப் பழக்கம். யானை இறங்கியிருக்கிறது, சிறுத்தை நடமாட்டம் இருக்கிறது என்றால் வனத்துறை ஜீப் கூவிக்கொண்டு போகும். உயிர்காக்கும் அறிவிப்பு காது வழியே வருகிறது. நிலத்தைப் பற்றிய அறிவிப்பு தாள் வழியே வருகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் பந்தலூர், கூடலூர் மக்களின் நீண்ட துயரம் நடந்திருக்கிறது.

இங்கே நிலத்துக்குப் பெயர் ஜென்மம். நிலம்பூர் கோவிலகத்துக்குப் பரம்பரையாக உரியது என்பது அதன் பொருள். 1969இல் தமிழ்நாடு அரசு ஜென்ம உரிமையை ஒழித்து நிலத்தை, பயிரிடுகிறவர் அரசுக்கு நேரே வரி கட்டும் ரயத்வாரி முறைக்கு மாற்றச் சட்டம் செய்தது. 80,000 ஏக்கருக்கு மேல் அதற்குள் வருகிறது. தோட்ட நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 1972இல் பால்மாடீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதியை ஏற்றது. காடுகளை எடுத்துக்கொள்ளும் பகுதியை மட்டும், அது விவசாயச் சீர்திருத்தம் ஆகாது என்று தள்ளிவிட்டது. 1974இல் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தை அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்தது. அந்த அட்டவணைக்குள் போன சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது என்பது ஏற்பாடு. அந்த ஆண்டு நவம்பர் 27 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. தோட்டக் குத்தகைகளைப் பற்றியது அதன் 17ஆம் பிரிவு. ‘செக்‌ஷன் 17 நிலம்’ என்று சொன்னால் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: வீடு இருக்கும், பட்டா இருக்காது, கரன்ட் இணைப்புக்கு அலைய வேண்டும்.

2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு கோயலோ வழக்கில் தீர்ப்பளித்தது. வழக்கின் வேர் இந்த ஜென்ம நிலம். 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்த சட்டமும், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைத்தால், நீதிமன்றத்தின் ஆய்வுக்கு உட்பட்டதே என்றார்கள். நாடாளுமன்றமே சேர்ந்து ‘கேட்காதே’ என்று சொன்னாலும் கேட்கலாம் என்பது சாரம். கோக் அரசனிடம் சொன்னதை நம் நீதிபதிகள் ஆட்சி மொத்தத்துக்கும் சொன்னார்கள். இந்தியா முழுவதற்கும் அரணாக நிற்கும் ஒரு தீர்ப்பு கூடலூர், பந்தலூர் மேட்டு நிலத்திலிருந்து முளைத்தது என்பதை இந்த ஊர்ப் பள்ளிகளில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. 1882ஆம் ஆண்டின் வனச் சட்டம் ஒரு நிலத்தைக் காப்புக் காடாக ஆக்குவதற்கு முன் 6ஆம் பிரிவில் ஒரு பிரகடனம் கேட்கிறது. வன நிர்ணய அலுவலர் எல்லையைச் சொல்லி, பின்விளைவை விளக்கி, அக்கம்பக்கத்து ஊர்களில் வெளியிட வேண்டும்; உரிமை கோருகிறவர்களுக்கு மூன்று மாதத்துக்குக் குறையாத அவகாசம் கொடுக்க வேண்டும். அரசன் கூவிச் சொன்ன பழைய முறை இந்தியச் சட்டத்துக்குள் உயிரோடு இருக்கும் இடம் இது. ஆனால் இந்தத் தாலுகாவில் அந்த நிலத்தோடு மிக நெருங்கி வாழ்கிறவர்கள் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர். அவர்கள் வீட்டில் பேசும் மொழிகளுக்குத் தாலுகா அலுவலகப் பலகையில் இடமில்லை. எனவே வனத்துறையும் வருவாய்த்துறையும் நிலம் பற்றிய ஒவ்வொரு பிரகடனத்தையும் பலகையில் ஒட்டுவதோடு நிறுத்தாமல், அந்தந்தக் குடியிருப்புக்குப் போய், பணிய மொழியிலும் காட்டுநாயக்கர் மொழியிலும் குறும்பர் மொழியிலும் பேசத் தெரிந்த ஒருவர் வாயால், எல்லைக் கல்லைக் கையால் காட்டி, கேள்விக்குப் பதில் சொல்லி விளம்ப வேண்டும். அந்த நாளிலிருந்துதான் மூன்று மாதக் கணக்கு தொடங்க வேண்டும்.