ஆயிரங்கால் தூண்டிலும் ஒரு பழைய பைபர் போட்டும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கல. ஆபீஸ்ல ஆணி அதிகம். அதுக்கு நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை படகு வாங்கப் போனேன். நான் வாங்கலைங்க, பக்கத்து சீட்டு நண்பனோட அப்பா வாங்கினார். வேடிக்கை பாக்கப் போன எனக்கு ஒரு கெளுத்தி மீன் பாடம் எடுத்துச்சு. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

எனக்குச் சொந்த ஊர் செங்கல்பட்டு. கொளவாய் ஏரிக்கரையில குச்சியும் நரம்பும் வச்சு உக்காந்து, ஒரு மீனும் புடிக்காம வீட்டுக்கு வந்து அடி வாங்கின பரம்பரை. நண்பனுக்கு மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவுல ஒரு குப்பம். அவங்க அப்பாவை அவன் நைனான்னு கூப்பிடுவான், இப்ப நானும் அப்படித்தான். அறுபதைத் தாண்டினவர். பழைய போட்டு உடைஞ்சு போனதால செகண்ட் ஹேண்டுல ஒண்ணு பாக்கறேன்னார். "நீ இஞ்சினீருதானே தம்பி, வந்து பாரு"ன்னு கூப்பிட்டார். நான் படிச்ச இஞ்சினியரிங்குக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காம கிளம்பிட்டேன்.

அந்தப் போட்டு மணல்ல கவுந்து கிடந்துது. நைனா விரலை மடக்கி வரிசையா தட்டிக்கிட்டே வந்தார். 'டங்'னா நல்லது, 'தொப்'புன்னா உள்ள தண்ணி ஏறி ஊறிப் போச்சுன்னு அர்த்தமாம். இன்ஜின் மாட்டற பின்பக்கத்துல ரெண்டு இடம் 'தொப்'. அதைக் காட்டி விலையைக் குறைச்சார். பெயிண்ட் உரிஞ்ச இடத்துல மங்கலா ஏதோ எழுத்து. சுனாமி நிவாரணத்துல குடுத்த போட்டாம், இருபது வயசு. அந்த எழுத்தைப் பார்த்ததும்தான் இதுக்குப் பின்னாடி இருக்கற சரித்திரத்தைத் தோண்டணும்னு தோணுச்சு.

மொதல்ல மரம்

நம்ம சோழமண்டலக் கரையில இயற்கைத் துறைமுகம்னு சொல்லிக்கற மாதிரி ஒண்ணும் கிடையாது. நேரா வந்து அடிக்கற அலைதான். பெரிய கப்பல் தூரத்துல நிக்கும். ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டு வர்றது மசூலா படகு. ஆணியே அடிக்காம, பலகைகளைக் கயிறு வச்சுத் தைச்ச படகு அது. அலை அடிச்சா வளைஞ்சு கொடுக்கும், உடையாது. மீன் புடிக்கக் கட்டுமரம். நாலஞ்சு மரத்தைக் கயித்தால கட்டறது, அவ்ளோதான். அலை மேல ஏறினா தண்ணி இடுக்கு வழியா வழிஞ்சுடும். உள்ள தண்ணி ரொம்பறதுக்கு 'உள்ள'ன்னு ஒண்ணு இருந்தாத்தானே முழுகும்! கரைக்கு வந்ததும் பிரிச்சு மரத்தைத் தனித்தனியா காய வைக்கலாம். நம்ம பாஷையில சொன்னா பக்கா மாடுலர் டிசைன்.

வில்லியம் டாம்பியர்னு ஒரு ஆங்கிலேய மாலுமி (பாதி கடற்கொள்ளைக்காரர்). 1697-ல வந்த தன்னோட பயண நூல்ல, சோழமண்டலக் கரையில இதைக் 'கட்டமரான்'னு சொல்றாங்கன்னு எழுதி வச்சார். அப்படி இங்கிலீஷுக்குப் போன வார்த்தை இன்னிக்கு ரெட்டை உடம்பு வச்ச சொகுசுப் படகுக்குப் பேரா இருக்கு. நம்ம கட்டுமரத்துக்கும் அதுக்கும் பேரைத் தவிர ஒரு ஒட்டும் இல்ல.

அப்புறம் ஜேம்ஸ் ஹார்னெல். மெட்ராஸ் மாகாண மீன்வளத் துறைக்கு இயக்குநரா இருந்த வெள்ளைக்காரர். 1920-ல இந்தியப் படகு வடிவங்களைப் பத்தித் தனியா ஒரு ஆய்வே எழுதினார். மீனவன் கையில இருக்கறதை 'பழங்கால சாமான்'னு ஒதுக்காம, எப்படிக் கட்டறாங்க, எதுக்கு அப்படிக் கட்டறாங்கன்னு உக்காந்து பார்த்தவர். நம்ம புராஜெக்ட்டுல பழைய கோடைப் படிக்காமலே 'தூக்கிப் போட்டுப் புதுசா எழுதலாம்'னு சொல்றவங்களுக்கு அவரைத்தான் சிபாரிசு செய்வேன்.

மரம் போய் பைபர் வந்த கதை

கட்டுமரத்துக்கு லேசான மரம் வேணும். பெரும்பாலும் கேரளா பக்கத்துலேர்ந்து வரும். காடு குறையக் குறைய மரம் கிடைக்கல, விலையும் ஏறிப் போச்சு. 1979-ல ஐ.நா.வோட உணவு வேளாண்மை நிறுவனம் வங்காள விரிகுடாத் திட்டம்னு ஒண்ணை மெட்ராஸைத் தலைமையிடமா வச்சு ஆரம்பிச்சுது. அலையைத் தாண்டிப் போய்த் திரும்பக் கரையேறக்கூடிய இன்ஜின் வச்ச படகை வடிவமைக்க வருஷக் கணக்கா மண்டையை உடைச்சாங்க. சும்மா இன்ஜினைக் கட்டிட்டா போதாதுங்க. கரையேறும்போது புரொப்பல்லர் மணல்ல மாட்டும். தேவைப்படும்போது அதைத் தூக்கிக்கணும். நீளமான தண்டுல புரொப்பல்லர் மாட்டின இன்ஜின் இப்ப நம்ம கரை முழுக்க ஓடுதே, அது தீர்க்கறது இந்தப் பிரச்சனையைத்தான்.

தொண்ணூறுகள்ல பைபர் போட்டு மெல்ல எட்டிப் பாத்துது. 2004 டிசம்பர் 26 காலையில எல்லாம் மாறிப் போச்சு. நான் அப்ப ரெண்டாங்கிளாஸ். செங்கல்பட்டு ரோட்டுல ஆம்புலன்ஸ் போய்க்கிட்டே இருந்ததுதான் ஞாபகம். மாமல்லபுரத்துல கடல் உள்வாங்கினப்ப பாறைகள் தெரிஞ்சதும், அடுத்த வருஷம் சாளுவன்குப்பத்துல தொல்லியல் துறை பழைய முருகன் கோயிலைத் தோண்டி எடுத்ததும் நிறைய பேர் எழுதியாச்சு. அதே மணல்ல சுக்குநூறாக் கிடந்த கட்டுமரங்களைப் பத்தி யாரும் அவ்வளவா எழுதல.

நிவாரணம் வந்துது. பல தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கிட்டு பைபர் போட்டு குடுத்தாங்க. தேவைக்கு மேலயே படகு வந்துடுச்சு, சிலது தரமும் சரியில்லன்னு அப்பவே பேச்சு எழுந்துது. கட்டுமரம் வச்சிருந்தவர் ஒரே வருஷத்துல இன்ஜினுக்கும் எண்ணெய்க்கும் செலவு பண்ற முதலாளி ஆனார். கட்டுமரம் பொழச்சா மீன் இல்லாத நாளும் செலவு கம்மி. பைபர்ல மீன் இல்லாத நாள் எல்லாம் கடன். "ஃப்ரீயா குடுத்தாங்க தம்பி, ஆனா எண்ணெய ஃப்ரீயா குடுக்கல"ன்னார் நைனா. மானியம், கடன், வட்டி எல்லாம் அந்த ஒரு வரியில அடங்கிடுச்சு.

இப்ப தூண்டில்

போட்டு வாங்கியாச்சு, ஓட்டையும் அடைச்சாச்சு. மூணாவது வாரம் விடியக்காலை மூணு மணிக்கு என்னையும் ஏத்திக்கிட்டாங்க. வலைக்குப் போகல, ஆயிரங்கால் தூண்டில். (கால்னா இங்க கிளைக் கயிறு. ஆயிரம்னு பேரு, எங்க கூடையில முந்நூத்திச் சொச்சம்தான்.)

டிசைன் ரொம்ப எளிமை. ஒரு நீளமான தாய்க்கயிறு. ரெண்டு மூணு முழத்துக்கு ஒரு குட்டிக் கயிறு, அதன் நுனியில ஒரு முள். ரெண்டு முனையிலயும் கல்லு, மேல மிதப்பு, மிதப்புல கொடி. இரையா கவலை மீன் துண்டு, இல்லன்னா கணவாய். கூடையில சுருட்டும்போதே முள்ளை எல்லாம் விளிம்புல வரிசையாக் குத்தி வைக்கணும். வரிசை ஒண்ணு மாறினாலும் கடல்ல விடும்போது மொத்தமும் சிக்கும். கை கிழியும். ஸ்டாக், லாஸ்ட் இன் ஃபர்ஸ்ட் அவுட் எல்லாம் நாம காலேஜ்ல படிச்சதுக்கு முன்னாடியே கூடையில இருக்கு.

இது நம்ம ஊருக்கு மட்டும் சொந்தம் இல்ல. அமெரிக்க ஆறுகள்ல கெளுத்திக்கு இதே மாதிரி குறுக்கே கயிறு கட்டி முள் தொங்க விடறாங்க. வட அட்லாண்டிக்குல காட் மீனுக்கும் இதுதான். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்காரங்க இதே தூண்டிலோட சுறா தேடி நாள்கணக்கா ஆழ்கடலுக்குப் போறவங்க. 2017 நவம்பர் ஒக்கி புயல்ல அந்தப் பக்கத்து ஊர்கள் இழந்தது கொஞ்சநஞ்சம் இல்ல. தூண்டில் அப்படியேதான் இருக்கு, கயிறு மட்டும் பருத்தி, சணல்லேர்ந்து நைலானுக்கு மாறிடுச்சு.

தூண்டிலை விட்டுட்டு விடியற வரைக்கும் காத்திருந்தோம். கரையில திருக்கழுக்குன்றம் மலையும் லைட்ஹவுஸும் எந்தக் கோட்டுல வருதுன்னு பார்த்துதான் அந்தக் காலத்துல இடம் கண்டுபுடிப்பாங்களாம். இப்ப ஜிபிஎஸ் இருக்கு. ஆனா நைனா ரெண்டையும் பாக்கறார். ஜிபிஎஸ்ஸை நம்பலையான்னு கேட்டேன். "பேட்டரி போனா மலையும் போயிடுமா?"ன்னார். நான் ஏன் வாயைத் தொறந்தேன்னு ஆயிடுச்சு.

கெளுத்தி சொன்ன பாடம்

இழுக்க ஆரம்பிச்சதும் முதல் அம்பது முள் காலி. அப்புறம் வந்துது கடல் கெளுத்தி, மீசையும் முறைப்புமா. (கானாங்கெளுத்தி வேற ஜாதிங்க, அதுக்குப் பேருல மட்டும்தான் கெளுத்தி.) ஆர்வக் கோளாறுல கையை வச்சேன். பக்கத்துத் துடுப்பு முள்ளு உள்ளங்கையில ஏறிடுச்சு. அந்த முள்ளுல விஷம் உண்டு. கரைக்கு வந்ததும் தாங்கற சூட்டுல வெந்நீர்ல கையை வைக்கச் சொன்னாங்க. விஷம் புரதம்கிறதால சூடு பட்டா அதோட வீரியம் குறையும். வலி குறைஞ்சுது, மானம்தான் திரும்பல.

வெந்நீர்ல கையை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தப்பதான் நைனா விஷயத்துக்கு வந்தார். கடல் கெளுத்தியில முட்டையை அடைகாக்கறது ஆம்பளை. வாய்க்குள்ள. ஒவ்வொண்ணும் கோலிகுண்டு சைஸு, மொத்தமே சில டஜன்தான் இருக்கும். குஞ்சு பொரிச்சு வெளிய போற வரைக்கும் வாரக்கணக்குல அந்த மீன் எதுவும் சாப்பிடாது. மத்தி மாதிரி மீனெல்லாம் ஆயிரக்கணக்குல முட்டை போட்டுட்டுப் போயிட்டே இருக்கும். கெளுத்தி அப்படி இல்ல, கொஞ்சமாப் பெத்து நல்லா வளக்கற பார்ட்டி.

"வாயில முட்டை வச்சிருக்கறவன் இரை எடுக்க மாட்டான். அவன் நம்ம முள்ளுக்கு வரமாட்டான். வலைக்கு அவன் யாரு, இவன் யாருன்னு தெரியாது."

அவ்ளோதாங்க. இருபது வருஷ மேலாண்மைத் திட்டம் எல்லாம் தேடற ஃபில்டர் கண்டிஷன், தூண்டில்ல தானாவே இருக்கு.

வலைக்குத் தெரியாதுங்கறதுக்கு அத்தாட்சியும் இருக்கு. எழுபதுகள்ல கர்நாடகக் கரையில சுருக்கு வலை (பர்ஸ் சீன்) வந்துது. கூட்டமா வர்ற கெளுத்தியை மொத்தமா வளைச்சாங்க, வாயில முட்டையோட இருந்த ஆம்பளை மீனையும் சேர்த்து. வலைக்குள்ள நசுங்கும்போது முட்டை எல்லாம் வெளிய கொட்டிடும். கட்டுப்பாடு வேணும்னு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் 1980-லயே எச்சரிச்சாங்க. யாரும் கேக்கல. தொண்ணூறுகளுக்குள்ள அங்க கெளுத்தி மீன்பிடிப்பே படுத்துடுச்சு.

தமிழ்நாட்டுல கட்டுமரக்காரங்களுக்கும் இழுவைப் படகுக்காரங்களுக்கும் நடந்த சண்டைகளுக்குப் பின்னாடி 1983-ல கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்துது. கரையிலேர்ந்து மூணு கடல் மைலுக்குள்ள பெரிய விசைப்படகு மீன் புடிக்கக் கூடாதுன்னு அப்ப விதி வச்சாங்க. 2000-ல சுருக்கு வலைக்கும் தடை. 2023 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டு, பன்னெண்டு கடல் மைலுக்கு அப்பால, வாரத்துல திங்கள், வியாழன் மட்டும்னு நிபந்தனையோட அதை அனுமதிச்சுது. எந்தப் பக்கம் நியாயம்னு நான் தீர்ப்பு சொல்லல. சுருக்கு வலைக்காரரும் மீனவர்தான், கடன் வாங்கித்தான் வலை வாங்கியிருக்கார். 2017-ல பாக் நீரிணை இழுவைப் படகுகளை ஆழ்கடல் தூண்டில் படகா மாத்த அரசே திட்டம் போட்டுது. சுத்திச் சுத்தி பழைய முள்ளுகிட்டயே வர்றோம்.

அதுக்காகத் தூண்டில்னா புனிதம்னு நினைச்சுடாதீங்க. பெருங்கடல்ல மைல் கணக்குல விடற தூண்டில்ல ஆமை, சுறா, கடல் பறவை எல்லாம் மாட்டிச் சாகுது. சின்ன போட்டுல, ஒரு கூடை கொள்ளற அளவுக்கு முள் போடும்போதுதான் இந்த நியாயம் எல்லாம்.

அன்னிக்குக் கிடைச்சது பதினாலு கெளுத்தி, ரெண்டு சங்கரா. எண்ணெய்க் காசு, இரைக் காசு கழிச்சு, போட்டுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்குன்னு பிரிச்சாங்க. நைனா கைக்கு வந்ததை நண்பன் எண்ணிப் பார்த்தான். ஒரு நாள் அவன் ஆபீஸுக்கு வந்து போற கேப் செலவுக்குக் கிட்டக்க. ரெண்டு பேரும் எதுவும் பேசல.

திரும்பி வரும்போது, இந்தக் கூடையைச் சுருட்டத் தெரிஞ்சவங்க உங்க குப்பத்துல எத்தனை பேர்டான்னு கேட்டேன். விரல் விட்டு எண்ணினான். ஒரு கை முடியறதுக்குள்ள நிறுத்திட்டான். "உனக்குத் தெரியுமா?"ன்னேன். "விடத் தெரியும். சுருட்டத் தெரியாது"ன்னான்.

இப்ப சனிக்கிழமை சனிக்கிழமை சுருட்டக் கத்துக்கறான். நானும் கூட உக்கார்றேன். போன வாரம் நாப்பது முள் வரைக்கும் சிக்காம சுருட்டினேன். நைனா அதைப் பார்த்துட்டு, எதுவும் சொல்லாம, மொத்தத்தையும் பிரிச்சு மறுபடியும் என் கையில குடுத்துட்டார்.

டிஸ்கி: உங்க ஊர் ஆத்துலயோ, ஏரியிலயோ, கடல்லயோ இந்த மாதிரி தூண்டிலுக்கு வேற பேர் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. அப்புறம், கெளுத்திக் குழம்பு ரெசிபி கேட்டு மெயில் அனுப்பாதீங்க. எனக்குச் சாப்பிட மட்டும்தான் தெரியும்.