காலம் கடந்த ஹெவிவெயிட் மோதல்கள்

வெவ்வேறு காலங்களில் கொடிகட்டிப் பறந்த ஹெவிவெயிட் வீரர்கள், அதாவது குத்துச்சண்டையின் மிக உயர்ந்த எடைப்பிரிவைச் சேர்ந்தவர்கள், நேருக்கு நேர் மோதியிருந்தால் யார் வென்றிருப்பார் என்று கணிக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் வேரூன்றியது. 1922-இல் ‘தி ரிங்’ இதழைத் தொடங்கிய நாட் பிளைஷர், எல்லாக் காலத்துக்குமான தம் தரவரிசையில் ஜாக் ஜான்சனுக்கு முதலிடம் தந்தார்.

அதுவரை நினைவையும் ரசனையையும் நம்பியிருந்த இக்கணிப்பைக் கணினியிடம் கொண்டுசென்றவர் அமெரிக்க வானொலித் தயாரிப்பாளர் மர்ரே வோரோனர். அவர் 1967-இல் 16 வீரர்களின் திறன்களை எண்களாக்கி என்.சி.ஆர். 315 கணினியில் செலுத்தி, கிடைத்த முடிவுகளை நேர்முக வர்ணனைபோல் ஒலிபரப்பினார். இறுதியில் முன்னாள் உலகச் சாம்பியன் ஜாக் டெம்ப்சியை வென்றவர் ராக்கி மார்சியானோ. ஜிம் ஜெஃப்ரிஸிடம் தாம் தோற்றதாகச் சொல்லப்பட்டதை ஏற்காத முகமது அலி பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார்.

அந்தப் பிணக்கின் சமரசமாக 1969-இல் அலியும் மார்சியானோவும் மயாமியில் கேமரா முன் மோதினர். வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்துப் பட்டம் இழந்திருந்த அலியை எதிர்கொள்ள, 49 போட்டிகளிலும் தோல்வியே காணாது 1956-இல் ஓய்வுபெற்ற மார்சியானோ, 45 வயதில் உடலை வெகுவாக இளைத்து, வழுக்கையை மறைக்கப் பொய்முடி அணிந்து வந்தார். ஒரு நிமிடச் சுற்றுகளாகப் பல முடிவுகள் படமாக்கப்பட்டன. எது வெளிவரும் என்பது இருவருக்குமே தெரியாது. அவ்வாண்டு ஆகஸ்ட் 31-இல் விமான விபத்தில் மார்சியானோ இறந்தார். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் அவர் 13-ஆம் சுற்றில் வென்றார். ஐரோப்பாவில் காட்டப்பட்ட பிரதியிலோ வெற்றி அலிக்கு.

 

இக்கணிப்புகளின் பெருங்குறை, வீரனை அவனுடைய காலத்தின் விதிகளிலிருந்து பிரித்தெடுப்பதே ஆகும். டெம்ப்சி காலத்துத் தோல் கையுறை ஏறத்தாழ 5 அவுன்ஸ்தான். இன்றைய ஹெவிவெயிட் கையுறையோ 10 அவுன்ஸ். பட்டப் போட்டி 15 சுற்றுகளிலிருந்து 12 சுற்றுகளாகக் குறைந்ததால், பிற்பகுதிச் சுற்றுகளில் எதிராளியைச் சோர்வடையச் செய்து வீழ்த்தும் உத்தியின் மதிப்பும் மாறியது. ஏறத்தாழ 84 கிலோ எடையில் பட்டத்தைக் காத்த மார்சியானோ, இன்றிருந்தால் 90.7 கிலோ வரம்புடைய குரூசர்வெயிட் பிரிவிலேயே நிறுத்தப்படுவார்.

இத்தகைய ஒப்பீடு சென்னைக்கும் புதிதன்று. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் எனும் குத்துச்சண்டைப் பரம்பரைகள், அதாவது பயிற்சிக் குழுக்கள், எதிரெதிரே நின்ற வடசென்னையில், வெற்றி ஆளோடு முடியாமல் பரம்பரைக்கும் உரியதானதால், ஒப்பீடு தலைமுறைகளைத் தாண்டி நீண்டது. ஏட்டிலும் திரையிலும் மட்டுமே கண்டிருந்த அலியைச் சென்னை ரசிகர்கள் 1980-இல் நேரு விளையாட்டரங்கில் நேரில் கண்டனர். அங்கு அவர் முன்னாள் உலகச் சாம்பியன் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் மோதினார்.