வாக்கெடுக்காத சபை: குவேக்கர்களும் ஒருபாலுறவினரும் நாமும்

பலேர்மோ துறைமுகத்தில் நின்று வடக்கே பார்த்தால் மொன்ரே பெல்லெக்ரீனோ மலை தெரியும். சாந்தா றொசாலியாவின் குகைக் கோயிலுக்கு எமது சனங்கள் சைவர், வேதக்காரர் என்ற பேதமின்றி ஏறுகிற மலை அது. சில வருடங்களுக்கு முன், ஜெனோவாவுக்குக் கப்பலேறிய ஒரு தம்பியை வழியனுப்ப அந்தத் துறைமுகத்துக்குப் போயிருந்தேன். அவர் ஆண்களை விரும்புபவர் என்பது முதலில் வீட்டுக்கும் பிறகு ஊருக்கும் தெரிந்துவிட்டது. அதன்பின் அவரை எந்த விழாவிலும் காணக்கிடைக்கவில்லை. "நாட்டை விட்டு வந்தது காணாதெண்டு, இப்ப சனத்தையும் விட்டுப் போகவேண்டிக் கிடக்கு அண்ணை" என்றார். சொல்வதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

அண்மையில் ஒரு கலந்துரையாடலில் இவ்விடயம் தற்செயலாக எழுந்தபோது, "இது மேற்கின் சீரழிவு, எமக்குள் இல்லை" என்று நண்பரொருவர் பேச்சை முடித்துவைத்தார். அப்படி முடித்துவைக்க வரலாறு இடம்தருகிறதா என்பதே எனது கேள்வி.

நாம் வாழும் தீவிலிருந்தே தொடங்குவோம். 1980 ஒக்ரோபர் 31 அன்று கிழக்குச் சிசிலியின் ஜார்ரே என்ற சிற்றூரில் இரண்டு ஆண்களின் உடல்கள் கைகோர்த்தபடி கிடக்கக் காணப்பட்டன. இருவரும் சுடப்பட்டிருந்தனர். அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. ஆறு வாரங்கள் செல்லுமுன், டிசெம்பர் 9 அன்று, ஆர்ச்சிகேய் அமைப்பின் முதலாவது வட்டம் பலேர்மோவில் உருவானது. 1985இல் அது பொலோஞாவை மையமாகக் கொண்ட தேசிய அமைப்பாகியது. பலேர்மோவில் அதைத் தொடக்குவதில் முன்னின்றவர் டொன் மார்க்கோ பிஷேல்யா என்ற கத்தோலிக்கக் குரு. 1975இல் இரண்டு பத்திரிகையாளர்கள் ஒருபாலினத் தம்பதிகளாக நடித்து அவரிடம் ஆசி கேட்டார்கள். அவர் ஆசி வழங்கினார். அது பத்திரிகையில் வெளிவந்தது. குருத்துவப் பணியிலிருந்து அவர் இடைநிறுத்தப்பட்டார். ஆக, நண்பர் சொல்லும் 'மேற்கு' இவர்களைத் தாலாட்டி வளர்க்கவில்லை. அங்கும் இது கொலைக்கும் வெளியேற்றத்துக்கும் எதிராகப் பெறப்பட்ட இடமே.

மதச் சமூகமொன்று தன் உறுப்பினரை வெளியேற்றாமலே இக்கேள்வியை எதிர்கொள்ள முடியுமா? முடியும் என்பதற்குப் பிரித்தானியக் குவேக்கர்கள் ஓர் உதாரணம். 17ஆம் நூற்றாண்டில் ஜோர்ஜ் பொக்ஸைச் சுற்றி உருவான இச்சிறு சபையினர், சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்தமைக்காகவும் அரச திருச்சபைக்குப் பணியாமைக்காகவும் ஆயிரக்கணக்கில் சிறை சென்றவர்கள். 1947இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு இவர்களது பிரித்தானிய, அமெரிக்க நிவாரண அமைப்புகளுக்கே கிடைத்தது. பிரித்தானியக் குவேக்கர்களின் வழிபாட்டில் குருவானவர் இல்லை, மௌனமாக அமர்ந்திருப்பார்கள். மனம் ஏவியவர் எழுந்து பேசுவார். திருமணத்தையும் எவரும் நடத்திவைப்பதில்லை. இருவர் வாக்குறுதி கொடுக்க, வந்திருப்போர் அனைவரும் சாட்சிகளாகக் கையொப்பமிடுவார்கள்.

1957இல், தமது பாலுணர்வு குறித்துத் தடுமாறிய இளம் மாணவர்கள் மூத்தோரிடம் ஆலோசனை கேட்டதையொட்டி, குவேக்கர் குழுவொன்று கூடி ஆராயத் தொடங்கியது. 1963இல் அக்குழு வெளியிட்ட நூல், ஓர் உறவை அதன் வெளித்தோற்றத்தைக் கொண்டல்ல, அதிலுள்ள அன்பையும் நேர்மையையும் கொண்டே மதிப்பிட வேண்டும் என்று வாதிட்டது. ஆண்களுக்கிடையிலான உறவு இங்கிலாந்தில் அப்போது குற்றம். சட்டம் தளர்ந்தது 1967இல்தான். நூல் சபையின் அதிகாரபூர்வ நிலைப்பாடுமல்ல. சபைக்குள்ளேயே கண்டனங்கள் எழுந்தன. 1973இல் ஒருபாலுறவினரான குவேக்கர்கள் தமக்கென ஒரு தோழமை அமைப்பை ஏற்படுத்தினர். 2009இல் யோர்க் நகரில் கூடிய வருடாந்தச் சபை, ஒருபாலினத் திருமணத்தையும் மற்றத் திருமணங்களைப் போலவே நடத்துவதென்றும், சட்டத்தை மாற்றும்படி அரசைக் கேட்பதென்றும் முடிவெடுத்தது. இங்கிலாந்தில் அத்தகைய முதற் திருமணங்கள் 2014இல் நடந்தன.

நூலுக்கும் முடிவுக்குமிடையே 46 வருடங்கள். குவேக்கர் கூட்டங்களில் வாக்கெடுப்பு இல்லை. எல்லோரையும் கேட்டபின் கூட்டத்தின் மனம் எங்கு நிற்கிறதென்பதை எழுத்தர் எழுதி, அங்கேயே வாசித்து, உடன்பாடு பெறுவார். உடன்பாடு இல்லையெனில் விடயம் காத்திருக்கும். இதன் விலை தாமதம். அந்த விலையைக் கொடுத்தவர்கள் காத்திருந்தவர்களே. எல்லா இடத்திலும் இது பலித்ததுமில்லை. அமெரிக்காவின் இந்தியானாவில், ஒரு சபை ஒருபாலுறவினரை வரவேற்றுத் தீர்மானம் எழுதியதைத் தொடர்ந்து வருடாந்தச் சபையே பிளவுபட்டது. குவேக்கர்கள் பெருந்தொகையாக வாழும் கென்யாவில் எதிர்ப்பே மேலோங்கி நிற்கிறது. எனவே நான் புனிதர்களைப் பற்றி எழுதவில்லை, ஒரு நடைமுறையைப் பற்றியே எழுதுகிறேன்.

அந்த நடைமுறை எமக்கு ஏன் முக்கியம்? பெரும்பான்மை கையுயர்த்தினால் சிறுபான்மைக்கு என்ன நடக்குமென்பதை 1956இன் சிங்களம் மட்டும் சட்டத்தில் படித்தவர்கள் நாம். அதே நாம், எமக்குள் இருக்கும் சிறுபான்மையிடம் 'நாங்கள் அதிகம்பேர், நீ பேசாதே' என்கிறோம். 'மேற்கின் இறக்குமதி' என்ற வாதமும் தலைகீழானது. இலங்கையில் இவ்வுறவைக் குற்றமாக்கியது 1883இல் பிரித்தானியர் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவை. இறக்குமதியானது தண்டனைதான். சட்டத்தைத் தந்தவர்கள் தம் நாட்டில் அதைத் தளர்த்திய பின்னரும் நாம் காத்துவந்தோம். 1995இன் திருத்தம் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தது. 2023இல்தான், அதை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று இலங்கை உயர் நீதிமன்றம் கூறியது. 'எமக்குள் இல்லை' என்போருக்கு 1994இல் வெளிவந்த ஷியாம் செல்வதுரையின் 'ஃபனி போய்' நாவலை நினைவூட்டலாம். 83 ஜூலையும் ஒருபாலுறவு கொண்ட ஒரு தமிழ்ச் சிறுவனும் அதில் ஒரே வீட்டில்தான் வாழ்கிறார்கள்.

இத்தாலியில், நூற்றாண்டுகளாக வேட்டையாடப்பட்ட வல்தேசியத் திருச்சபை 2010இல் ஒருபாலினத் தம்பதிகளுக்கு ஆசி வழங்கச் சம்மதித்தது. அரசின் சட்டம் 2016இல்தான் வந்தது. பலேர்மோவிலும் இச்சபைக்கு ஆலயம் உண்டு. துரத்தப்பட்ட நினைவு ஒரு சமூகத்தின் கதவைத் திறக்கவும் கூடும், இறுக்கிப் பூட்டவும் கூடும். எது நடக்குமென்பது நினைவைப் பொறுத்ததல்ல, எம்மைப் பொறுத்தது.

நான் கேட்பது பெரிய பிரகடனமல்ல. அடுத்த கலந்துரையாடலில் இவ்விடயத்தை யாரும் முடித்துவைக்காதிருப்போம். சிரிக்காமல், பெயர் கேட்காமல், பேச விரும்புபவர் பேசி முடிக்கும்வரை மௌனமாக இருப்போம். அந்தத் தம்பி திரும்பி வருவாரோ தெரியாது. ஆனால் இன்னொருவர் துறைமுகத்துக்குப் போகாமல் இருக்கலாம். மறுப்புள்ளவர்கள் எழுதட்டும்.