மஞ்சள் வெளிச்சம் போட்ட தேசம்

நம்ம ஊர்க் கார்களின் ஹெட்லைட் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு ஒட்டியிருப்பார்களே, பார்த்திருக்கிறீர்களா? எதிரே வருகிறவர் கண் கூசாமல் இருக்க. அதைப் பற்றித் தேடப்போய் பிரான்ஸில் மாட்டிக்கொண்டேன். அங்கே பொட்டெல்லாம் இல்லை, நாடு முழுக்க ஹெட்லைட்டையே மஞ்சளாக்கிவிட்டார்கள்!

1936 நவம்பரில் சட்டம் வந்தது. காரணம் இரண்டு சொல்வார்கள். ஒன்று, மஞ்சள் கண்ணாடி நீல ஒளியை வடிகட்டுவதால் கூச்சம் குறையும். இன்னொன்று, போர் வந்தால் இரவில் நம் வண்டி எது, எதிரி வண்டி எது என்று தெரியும். போர் வந்தது. 1940 ஜூனில் ஜெர்மன் படை பாரிஸுக்குள்ளேயே நுழைந்துவிட்டது. விளக்கின் நிறம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் யாரும் இல்லை.

ஆனால் போர் முடிந்தும் சட்டம் போகவில்லை. சிட்ரோயன் 2சிவி, டிஎஸ் எல்லாம் மஞ்சள் கண்ணோடுதான் ஓடின. இங்கிலாந்திலிருந்து கடல் தாண்டி வருகிறவர்கள் ஹெட்லைட் மேல் மஞ்சள் வார்னிஷ் பூசிக்கொள்வார்கள், ஊர் திரும்பியதும் சுரண்டி எடுப்பார்கள். அந்நியர் வண்டியைக் காட்டிக்கொடுக்க வந்த சட்டம், அந்நியர் வண்டிக்கே சாயம் பூச வைத்தது :-)

சரி, பலன் இருந்ததா? வடிகட்டினால் வெளிச்சமும் குறையுமே! கூச்சம் குறைந்தது நிறத்தாலா, வெளிச்சம் மங்கியதாலா என்பதுதான் கேள்வி. 1976-ல் நெதர்லாந்தில் சோதித்துப் பார்த்தபோது வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே தெரியவில்லை. அதற்குப் பிறகும் 16 வருஷம் மஞ்சள்தான்.

கடைசியில் அதை மாற்றியது விஞ்ஞானம் இல்லை, வியாபாரம். (காமர்ஸ் படிக்கிறவன் இதைச் சொல்லாமல் விடுவேனா!) ஐரோப்பிய ஒற்றைச் சந்தை 1993 ஜனவரி 1-ல் தொடங்கியது. ஒரே காரை எல்லா நாட்டிலும் விற்க வேண்டும் என்றால், ஒரு நாட்டுக்கு மட்டும் தனி பல்பு எதற்கு? இதைத்தான் எங்கள் பாடத்தில் வரி இல்லாத வணிகத் தடை என்பார்கள். அதோடு புது வண்டிகளில் வெள்ளை விளக்கு வந்துவிட்டது.

பழைய வண்டிகள் மட்டும் மஞ்சளை வைத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். இன்றும் அங்கே பழைய கார் பிரியர்கள் மஞ்சள் பல்பைத் தேடி வாங்கி மாட்டுகிறார்கள், யாரும் கட்டாயப்படுத்தாமலே.