பம்பாயில் பிறந்த மெர்ல் ஓபரான் ஏன் கடைசி வரை தாஸ்மேனியாக்காரியாகவே வாழ்ந்தார்?

சிறந்த நடிகைக்கான ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் ஆசியப் பெண் யார்னு கேட்டா, பலரும் மிஷெல் யோ என்பார்கள்.

2023-ல் அவர் விருது வாங்கியபோது பல செய்திகள் ஒரு வார்த்தையைக் கவனமாகச் சேர்த்துக்கொண்டன. "தன்னை ஆசியர் என்று அடையாளப்படுத்திக்கொள்ளும்" முதல் நடிகை என்று எழுதின.

ஏன் அந்த அடைமொழி?

ஏன்னா அவருக்கு 87 வருடம் முன்பே, 1936 விழாவில், பம்பாயில் பிறந்த ஒரு பெண் அதே பட்டியலில் இருந்தார். படம் "தி டார்க் ஏஞ்சல்". பெயர் மெர்ல் ஓபரான். அவர் இந்தியாவில் பிறந்தவர் என்பது அன்று அந்த அரங்கில் அறிவிக்கக்கூடிய விஷயமே இல்லை.

அவருடைய பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

பாட்டி சார்லட் செல்பி, சிலோனைச் சேர்ந்த யூரேசியப் பெண். மாவோரி ரத்தமும் உண்டு என்பார்கள். 14 வயதில், தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த ஆங்கிலோ ஐரிஷ்காரர் ஒருவர் மூலம் சார்லட்டுக்குப் பிறந்த பெண் கான்ஸ்டன்ஸ்.

அந்த கான்ஸ்டன்ஸ் சிறுமியாக இருக்கும்போதே, பம்பாயில் 1911-ல் ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். தகப்பன், சார்லட்டின் துணைவராக இருந்த ரயில்வே இன்ஜினியர். இன்றைக்கு இப்படி ஒரு குழந்தை எங்கள் பிரசவ வார்டுக்கு வந்தால் போக்சோ சட்டப்படி உடனே காவல்துறைக்குத் தகவல் போகும். அன்று குடும்பம் வேறு வழி கண்டுபிடித்தது. பேத்தியை மகள் என்று சொல்லி சார்லட்டே வளர்த்தார். அக்கா என்று நினைத்தவள்தான் அம்மா என்று தெரியாமலே குழந்தை வளர்ந்தது.

வீட்டில் கூப்பிட்ட பெயர் குவீனி.

தகப்பன் முதல் உலகப்போர் காலத்தில் இறந்துபோக, பாட்டியும் பேத்தியும் கல்கத்தா போனார்கள். அங்கே லா மார்ட்டினியர் பள்ளியில் படிக்க இடம் கிடைத்தது. ஆனால் கலப்பினக் குழந்தை என்ற கேலி தாங்க முடியாமல் பாதியில் நின்றுவிட்டாள். வெள்ளைக்காரருக்கும் அவள் ஆள் இல்லை, இந்தியருக்கும் ஆள் இல்லை.

1920-களின் கடைசியில் இங்கிலாந்து போனார். இயக்குநர் அலெக்சாண்டர் கோர்டாவின் கண்ணில் பட்டு, 1933-ல் எட்டாம் ஹென்றி பற்றிய படத்தில் ஆன் போலினாகச் சின்ன வேடம் கிடைத்தது. கூடவே ஒரு புதுப் பிறப்பும் கிடைத்தது: ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியா தீவில், ஹோபர்ட் நகரில் பிறந்தவர் என்று. லண்டனில் இருந்து யாரும் போய் விசாரிக்க முடியாத தூரம்.

"பெருமைக்காகப் பொய் சொன்னாங்க"ன்னு தோணுதா? அன்றைய அமெரிக்கச் சட்டத்தைப் பாருங்கள்.

1917 குடியேற்றச் சட்டம் இந்தியர்களுக்குக் கதவை மூடியது. 1923-ல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர் "வெள்ளையர்" அல்ல, எனவே குடியுரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1946-ல்தான் அது தளர்ந்தது. அப்போதும் வருடத்துக்கு 100 பேர் மட்டும்!

சினிமா தணிக்கை விதிகளோ, வெள்ளையர் கறுப்பர் காதலைத் திரையில் காட்டவே கூடாது என்றன. ஸ்டுடியோக்கள் அந்தப் பயத்தை ஆசியர்கள் மீதும் ஏற்றின. "தி குட் எர்த்" படத்தின் சீனத்து நாயகி வேடம் சீன அமெரிக்க நடிகை அன்னா மே வாங்குக்குத் தரப்படவில்லை. ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரெய்னருக்குப் போனது. ரெய்னர் அதற்கு ஆஸ்கரும் வாங்கினார்.

அன்னா மே வாங் உண்மையோடு நின்றார், வேடம் போச்சு. மெர்ல் மறைத்தார், வேடம் கிடைத்தது. இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வழி அன்று இருந்ததா, சொல்லுங்கள்?

ஆனால் மறைத்ததற்கும் விலை உண்டு.

முதல் விலை, பாட்டி. தோல் நிறம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், வளர்த்த சார்லட்டை வீட்டு வேலைக்காரி என்று விருந்தாளிகளிடம் சொல்ல வேண்டியிருந்தது. சார்லட் 1937-ல் இறந்தார். பிறகு அவருடைய ஓவியம் ஒன்றை வரையச் சொன்னார் மெர்ல். நிறத்தை மட்டும் வெளுப்பாகத் தீட்டச் சொன்னார்.

இரண்டாவது விலை, தோல். அழகுசாதன நச்சும் சல்ஃபா மருந்து ஒவ்வாமையும் சேர்ந்து 1940 வாக்கில் முகம் கெட்டது, தோலைச் சுரண்டும் சிகிச்சை பலமுறை நடந்தது என்று அவரது வாழ்க்கை வரலாறு சொல்கிறது. பிறகு அவர் மணந்த ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்ட், முகத்தழும்பு தெரியாமல் இருக்க கேமராவுக்குப் பக்கத்திலேயே ஒரு விளக்கைப் பொருத்தினார். "ஓபி" என்ற அந்த விளக்கு இன்றும் படப்பிடிப்புகளில் இருக்கிறது. ஓபரானின் சுருக்கம்தான் அந்தப் பெயர்.

மூன்றாவது விலை, ரத்த பந்தம். கான்ஸ்டன்ஸுக்குப் பின்னாளில் பிறந்த மகன் ஒருவர், மெர்லைத் தன் சித்தி என்று நினைத்திருந்தார். பம்பாய்ப் பதிவேட்டில் பிறப்புச் சான்றை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சித்தி அல்ல, சொந்த அக்கா. அவரைப் பார்க்கப் போனார். மெர்ல் பார்க்கவில்லை.

1978-ல் ஹோபர்ட் நகரம் "நம்ம ஊர்ப் பெண்" என்று அவருக்கு வரவேற்பு கொடுத்தது. அடுத்த வருடமே இறந்தார். 1983-ல் வெளிவந்த வாழ்க்கை வரலாறுதான் உண்மையை உடைத்தது.

இதை ஒரு மருத்துவர் ஏன் எழுதணும்?

இன்றும் என் ஓபியில் இருபது வயதுப் பிள்ளைகள், பேர் தெரியாத வெள்ளையாக்கும் க்ரீம் தடவி, ஸ்டீராய்டால் தோல் மெலிந்து சிவந்து வருகிறார்கள். சில க்ரீம்களில் பாதரசமும் இருக்கிறது. அது சிறுநீரகத்தில் புரதம் கசிய வைத்து, காலும் முகமும் வீங்க வைக்கும்.

மெர்லுக்குச் சட்டமும் ஸ்டுடியோவும் கழுத்தில் கத்தி வைத்திருந்தன. நம் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. பெண் பார்க்க வருபவரும், "கொஞ்சம் கலரா இருந்தா நல்லாருக்கும்" என்னும் சொந்தக்காரரும்தான் இருக்கிறார்கள்.

அந்த வார்த்தையை நம் வீட்டில் இனி யாரும் பேச வேண்டாமே.

அட்டை, லேபிள் இல்லாத க்ரீமை இன்றே தூக்கிப் போடுங்கள். ஏற்கனவே தடவியிருந்து முகமோ காலோ வீங்கினால், அருகில் உள்ள அரசு மருத்துவமனையில் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.